அந்த ஹெல்த் போர்டைக் கழற்றுங்கள்: பெங்களூரு சூப்பர் மார்க்கெட் ஒன்றின் அலமாரிகள் பற்றி

பானஸ்வாடி பக்கம் நாங்கள் மாத மளிகை வாங்கும் சூப்பர் மார்க்கெட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். காய்கறி நன்றாக இருக்கும், சோனா மசூரி, பொன்னி, இட்லி அரிசி மூன்றையும் தனித்தனியாகக் கொட்டி வைத்திருப்பார்கள், பில் போடும் இடத்தில் வேலை வேகமாக நடக்கும், பழசைத் தலையில் கட்டும் பழக்கம் கிடையாது. அதெல்லாம் சரி. என் புகார் ஒரு குறிப்பிட்ட வரிசையைப் பற்றியது. 'ஹெல்த் ஃபுட்ஸ்' என்று பச்சை போர்டு மாட்டியிருக்கிறார்களே, அந்த வரிசை. கடையின் பெயரைப் போடவில்லை. ஊரில் எந்தப் பெரிய கடைக்குள் நுழைந்தாலும் கிட்டத்தட்ட இதே போர்டு, இதே சரக்குதான் இருக்கிறது. ஒருவரை மட்டும் பிடித்துத் திட்டுவது நியாயமாகாது.

அந்த வரிசையில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். வெறும் ஓட்ஸ், அதை ஒட்டியே மசாலா ஓட்ஸ். ராகி மாவு, அதற்கு மேல் தட்டில் ராகி குக்கீஸ். ஆளி விதை, பூசணி விதை, பக்கத்தில் புரோட்டீன் பார். அப்புறம் டைஜஸ்டிவ் பிஸ்கட், சாக்லேட் மியூஸ்லி, பேக்டு சிப்ஸ், 'நோ ஆடட் சுகர்' என்று எழுதிய ஜூஸ், பாலில் கலக்கும் மால்ட் பவுடர்கள், சுகர் ஃப்ரீ பிஸ்கட். எல்லாமே ஒரே பச்சை போர்டின் கீழ். ராகி மாவும் ராகி குக்கீஸும் ஒரே ஜாதி என்று அந்த போர்டு சொல்கிறது. ஆனால் குக்கீஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் மைதா முதலில், சர்க்கரை அடுத்து, பாமாயில் மூன்றாவது, அதற்கப்புறம்தான் ராகி, அதுவும் பத்துச் சொச்சம் சதவீதம். நம் நாட்டு விதிப்படி சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாக எழுத வேண்டும், முன்பக்கம் ஒரு பொருளைப் பெரிதாகக் காட்டினால் அது எத்தனை சதவீதம் என்றும் எழுத வேண்டும். தயாரித்தவர் எழுதியிருக்கிறார். சின்ன எழுத்தில், மடிப்புக்குள், ஆங்கிலத்தில். கடை அதற்கு மேல் பச்சை போர்டு மாட்டியிருக்கிறது.

என் மாமியாருக்குச் சர்க்கரை. அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும், கன்னடம் நன்றாகப் பேசுவார். அவர் தனியாகக் கடைக்குப் போனால் அந்த போர்டின் நிறத்தையும் அட்டையில் இருக்கும் கதிர் படத்தையும் பார்த்துத்தான் எடுக்கிறார். ஒருமுறை நான் உடன் இருந்தபோது, அங்கே வேலை செய்யும் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண் அன்பாகவே சொன்னாள், "டைஜஸ்டிவ் எடுத்துக்கோங்க பாட்டி, சுகர் இருக்கிறவங்க எல்லாரும் இதான் வாங்குறாங்க." அவள் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே எல்லாரும் அதைத்தான் வாங்குகிறார்கள். 100 கிராமுக்கு 15 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும் பிஸ்கட் அது. ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் சென்னை மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்நின்று நடத்திய இண்டியாப் ஆய்வு 2023-இல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய், 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் விளிம்பில் என்று கணக்கிட்டது. அத்தனை பேருக்கும் எங்கோ ஒரு கடையில் யாரோ ஒருவர் இதே பிஸ்கட்டை நல்ல மனதோடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

அல்ட்ரா ப்ராசஸ்டு என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள், ஆனால் கடையில் நின்று எது அது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் சிப்ஸ், கோலா என்பதோடு நிறுத்திவிடுவார்கள். பிரேசிலில் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தின் கார்லோஸ் மொன்டெய்ரோ 2009-இல் முன்வைத்து, பிறகு அவர் குழு விரித்துச் செய்த நோவா என்கிற பிரிப்பிலிருந்துதான் இந்தப் பேச்சு வருகிறது. நான்கு கூறுகள். முதலாவது அரிசி, பருப்பு, காய், பால், முட்டை, ராகி மாவு மாதிரி அப்படியே இருப்பது அல்லது அரைத்தது, காய்ச்சியது, உலர்த்தியது. இரண்டாவது சமையலுக்குச் சேர்ப்பவை: எண்ணெய், நெய், உப்பு, சர்க்கரை, வெல்லம். மூன்றாவது முதலும் இரண்டும் சேர்ந்து செய்தது: ஊறுகாய், உப்புக்கடலை, அப்பளம், சாதாரண சீஸ். நான்காவதுதான் அல்ட்ரா ப்ராசஸ்டு. தொழிற்சாலையில் உணவைப் பிரித்தெடுத்த மாவுச்சத்து, புரதம், சர்க்கரைப் பாகு, கெட்டிப்படுத்திய எண்ணெய் ஆகியவற்றைத் திரும்பச் சேர்த்து, ஃபிளேவர், நிறம், எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் வைக்கும் எமல்சிஃபையர், இனிப்பூட்டி போட்டு உருவாக்குவது. கடையில் நிற்பவருக்குச் சுலபமான சோதனை, சேர்மானப் பட்டியலில் வீட்டு அடுக்களையில் யாருமே வைத்திருக்காத பொருள் வருகிறதா என்று பார்ப்பது. மால்டோடெக்ஸ்ட்ரின், இன்வர்ட் சிரப், சோயா புரோட்டீன் ஐசோலேட், எமல்சிஃபையர் 471 எல்லாம் அந்த ரகம்.

இதை முதலில் புரிய வைக்க வேண்டிய பொருள் நம்மூர்க் கடையிலேயே தயாராக இருக்கிறது, பாக்கெட் இட்லி மாவு. பிளாஸ்டிக் பையில் வருகிறது, தொழிற்சாலையில் அரைத்தது, பிராண்டு பெயர் உண்டு, ஆனாலும் உள்ளே அரிசி, உளுந்து, தண்ணீர், மிஞ்சினால் வெந்தயமும் உப்பும். அது அல்ட்ரா ப்ராசஸ்டு கிடையாது. பாக்கெட்டில் இருப்பதெல்லாம் விஷம் என்று வாட்ஸ்அப்பில் பயமுறுத்துகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் பயமுறுத்துகிறார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் மாவு பாக்கெட் வாங்குவதற்குக் குற்ற உணர்ச்சிப்படுகிறார்கள், அதே கூடையில் 'ஹார்ட் ஹெல்தி' என்று எழுதிய மசாலா ஓட்ஸ் எந்தக் கேள்வியும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க கடையால் முடியும். அந்த இரண்டு பாக்கெட்டுகளையும் தினமும் கையில் எடுத்து அடுக்குகிறவர்கள் அவர்கள்தானே.

ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வு சின்னதுதான், 20 பேர். ஆனால் அவர்களை ஆய்வு மையத்திலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் அல்ட்ரா ப்ராசஸ்டு உணவும் இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவும் கொடுத்துப் பார்த்தார்கள். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம், வேண்டிய அளவு சாப்பிடலாம். அல்ட்ரா ப்ராசஸ்டு வாரங்களில் ஒரு நாளைக்கு சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடை சராசரியாக 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கியது. ஏன் அப்படி என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. நோவா பிரிப்பு ரொம்ப அகலம், முழுதானிய பிரெட்டையும் கோலாவையும் ஒரே கூடையில் போடுகிறது என்று குறை சொல்பவர்களும் உண்டு, அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஐசிஎம்ஆருடன் சேர்ந்து 2024-இல் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்கள், அல்ட்ரா ப்ராசஸ்டு உணவைக் குறையுங்கள், லேபிளைப் படியுங்கள் என்று நேராகவே சொல்கின்றன. படியுங்கள் என்று சொல்வது சுலபம். எழுபது வயதுக்காரரை, கண்ணாடி இல்லாமல், இரண்டு மில்லிமீட்டர் எழுத்தில், தெரியாத மொழியில் படிக்கச் சொல்வது எப்படி?

மொழி விஷயத்தில் எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு. லேபிளில் கட்டாய விவரங்கள் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் இருந்தால் போதும் என்பதுதான் விதி. மற்ற மொழியில் போடலாம், போட்டாக வேண்டும் என்று இல்லை. பெங்களூரில் கடையின் வெளிப் பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024-இல் சட்டத் திருத்தமே வந்தது, எல்லாக் கடையும் அவசர அவசரமாகப் பலகையை மாற்றியது. உள்ளே போனால் விலைச்சீட்டு முதல் ஆஃபர் அட்டை வரை முழுக்க ஆங்கிலம். தயாரிப்பாளரின் அட்டையைக் கடையால் மாற்ற முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தட்டின் விளிம்பில் ஒட்டும் விலைச்சீட்டு கடையின் சொந்தச் சொத்து. எம்ஆர்பி, ஆஃபர் விலை, 100 கிராமுக்கு எவ்வளவு எல்லாம் அதில் அச்சாகிறது. முதல் மூன்று சேர்மானத்தை அதில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் போட்டால் என்ன? 'மைதா, சர்க்கரை, பாமாயில்' என்று மூன்று சொல். கன்னடத்தில் இருந்தாலே போதும், என் மகன் பள்ளியில் கன்னடம் படிக்கிறான், பாட்டிக்குப் படித்துச் சொல்லிவிடுவான்.

எண்கள் இன்னொரு தலைவலி, இதில் கடை கொஞ்சம் பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும். பட்டியலில் நம்பர் வந்தாலே ரசாயனம், ரசாயனம் என்றாலே கெட்டது என்று ஒரு பயம் பரவியிருக்கிறது. 300 என்றால் வைட்டமின் சி. 330 எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம். 500(ii) நம் வீட்டு ஆப்ப சோடாதான். ரவா இட்லி மிக்ஸில் இவற்றைப் பார்த்துவிட்டு அலறுகிறவர்கள், 627, 631 போட்ட சுவைகூட்டியையும் 150d என்கிற கேரமல் நிறத்தையும் 955 என்கிற சுக்ரலோஸையும் கவனிக்காமல் போகிறார்கள். எண்ணைப் பார்த்து மட்டும் ஒரு பொருளை ஒதுக்க முடியாது, அந்த எண் அங்கே என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்: புளிப்புக்கா, பொங்குவதற்கா, கெடாமல் இருக்கவா, அல்லது இல்லாத ருசியையும் நிறத்தையும் இருப்பது போலக் காட்டவா. ஒரு ஏ3 தாளில் பத்துப் பதினைந்து எண்களை எழுதி பிஸ்கட் வரிசையின் முனையில் மாட்டலாம். அந்த முனையில் இப்போது வாரம் ஒரு பிராண்டு காசு கொடுத்து வாங்கிய சிப்ஸ் கோபுரம் நிற்கிறது.

கிருஷ்ணகிரிப் பெண்ணிடம் ஒருநாள் கேட்டேன், இந்த ராகி குக்கீஸை பிஸ்கட் வரிசைக்கே மாற்றினால் என்ன என்று. "அக்கா, பிளானோகிராம் மேலேர்ந்து வரும். எந்தத் தட்டுல எது, எத்தனை ஃபேசிங்னு போட்டோவோட வரும். நாங்க மாத்தினா ஆடிட்ல மார்க் போயிடும்" என்றாள். ஆக அந்த வரிசை யாரோ யோசித்துப் போட்டது. கண் மட்டத்தில் எது, குழந்தை கைக்கெட்டும் உயரத்தில் எது, பில் கவுன்டர் பக்கம் எது என்று எல்லாம் திட்டம். அந்தத் திட்டத்தில் கடைக்குக் காசு வருகிறது, அது வியாபாரம், அதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு தலைப்பின் கீழ் வைத்தவுடன் அந்தத் தலைப்புக்குக் கடை பொறுப்பு. இந்த நாட்டிலேயே இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து எடுத்துவிடச் சொல்லி இணையக் கடைகளுக்கு எழுதியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை என்பதுதான் காரணம். அந்தக் கடிதம் கடைக்காரர் போட்ட தலைப்பைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். இணையத்தில் தலைப்பு மாறியது. எங்கள் கடையில் மால்ட் பவுடர்கள் இன்னும் பச்சை போர்டின் கீழேயே இருக்கின்றன.

முன்பக்க எச்சரிக்கை வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று கடைகள் சொல்லக்கூடும். சிலியில் 2016-லிருந்து சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகமான பாக்கெட் மேல் கறுப்பு எண்கோண முத்திரை கட்டாயம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2022-இல் நட்சத்திர மதிப்பீட்டுக்கு ஒரு வரைவு போட்டது, அரை நட்சத்திரத்திலிருந்து ஐந்து வரை. எனக்கு அது பிடிக்கவில்லை. கெட்ட பாக்கெட்டுக்கும் அரை நட்சத்திரமாவது கிடைக்கும், நட்சத்திரம் என்றாலே நம் ஆட்களுக்குப் பாராட்டு. பச்சைப் புள்ளி சைவம் என்பதை யாரும் வகுப்பெடுக்காமலே இந்த நாடு புரிந்துகொண்டது, என் மாமியாருக்கும் தெரியும். அந்த அளவு எளிமையாக இருந்தால்தான் வேலை செய்யும். அதுவரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் கடைக்கு இல்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஹானஃபோர்டு என்கிற மளிகைக் கடைச் சங்கிலி 2006-இலேயே தன் விலைச்சீட்டில் தானாகவே நட்சத்திரம் போட ஆரம்பித்தது. தேறினால் ஒன்று முதல் மூன்று, தேறாவிட்டால் ஒன்றுமே இல்லை. பெரும்பாலான பொருளுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை, கடையின் சொந்த பிராண்டுப் பொருள்களில் பலவும் அதில் அடக்கம். அதையும் மறைக்காமல் வைத்தார்கள், கடை மூழ்கிப்போகவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், அது சத்துக் கணக்கு. எந்த அளவு பதப்படுத்தியது என்பதை அது காட்டாது. இனிப்பூட்டி போட்ட டயட் கோலாவில் சர்க்கரை பூஜ்யம், ஆனாலும் நோவாவில் நான்காம் கூறு.

இதைத் திருப்பியும் பார்க்க வேண்டும். ஊர் முழுக்க இருக்கும் கான்டிமென்ட்ஸ் கடைகளில் வாங்கும் நிப்பட்டு, கோடுபளே, சக்லி மாதிரி எண்ணெயில் பொரித்த பலகாரங்கள் அல்ட்ரா ப்ராசஸ்டு கிடையாது. அதற்காக இஷ்டத்துக்குத் தின்னலாமா? எண்ணெயும் உப்பும் அதில் தாராளம். ஒரு நாளைக்கு உப்பு மொத்தமே 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் கடை இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், சர்க்கரை உப்பு கொழுப்பு எவ்வளவு என்பது ஒன்று, எந்த அளவு பதப்படுத்தியது என்பது இன்னொன்று. ஒரே மதிப்பெண்ணாகப் பிசைந்து கொடுத்தால் ஏதாவது ஒன்று அதில் காணாமல் போய்விடும்.

ஃப்ரீசருக்கு வருவோம். 'ஐஸ்க்ரீம்' என்று மேலே எழுதிய பெட்டிக்குள் பால் கொழுப்பில் செய்த ஐஸ்க்ரீமும் தாவர எண்ணெயில் செய்த ஃப்ரோசன் டெசர்ட்டும் கலந்து கிடக்கின்றன. சட்டப்படி டப்பாவில் ஃப்ரோசன் டெசர்ட் என்று எழுதியாக வேண்டும், எழுதியிருக்கிறார்கள். பெட்டியின் மேல் எழுதியது கடை. நடுவில் ஒரு தடுப்பு வைத்து இரண்டு பெயர் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? தயிர்ப் பெட்டியும் அப்படித்தான், பாலும் உறையும் மட்டும் இருக்கும் தயிருக்குப் பக்கத்தில் ஸ்டார்ச், நிறம், ஃபிளேவர் போட்ட ஸ்ட்ராபெர்ரி யோகர்ட், அதில் குழந்தை படம் வேறு. ஜூஸ் வரிசையைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் உண்டு: கெட்டிச் சாற்றில் தண்ணீர் கலந்து திருப்பிச் செய்த ஜூஸுக்கு '100 சதவீதப் பழச்சாறு' என்று போடாதீர்கள் என 2024 ஜூனிலேயே எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்லிவிட்டது. கடையின் ஆஃபர் அட்டையில் ரொம்ப நாளைக்கு அந்தச் சொல் அப்படியே இருந்தது, நான் சொன்ன பிறகு எடுத்தார்கள். அதற்கு நன்றி.

பில் கவுன்டர். வரிசையில் நிற்கும் நேரத்தில் குழந்தை கைக்கு நேராகச் சாக்லேட், ஜெல்லி, பத்து ரூபாய் சிப்ஸ். இங்கிலாந்தில் 2022 அக்டோபரிலிருந்து பெரிய கடைகளில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொருளை நுழைவாயிலிலும் வரிசை முனையிலும் கவுன்டர் பக்கத்திலும் வைக்கக் கூடாது என்று சட்டம். இங்கே பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் அப்படிப்பட்ட உணவை விற்கக் கூடாது என்று 2020-இல் விதி வந்தது, சூப்பர் மார்க்கெட் கவுன்டருக்கு ஒன்றும் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், நம்கீன், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், சாக்லேட் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதமாக இறங்கியது, விலை என்கிற சின்னத் தடையும் குறைந்துவிட்டது. ஒரே ஒரு கவுன்டரையாவது வாழைப்பழம், கடலை மிட்டாய், தண்ணீர் பாட்டிலோடு விடுங்கள் என்று கேட்கிறேன். குழந்தையோடு வருகிறவர்கள் அந்த வரிசையில்தான் வந்து நிற்பார்கள்.

பத்து நிமிஷ டெலிவரி ஆப்களைப் பற்றியும் ஒரு வார்த்தை, நாங்கள் பாதி மாதம் அவற்றில்தான் வாங்குகிறோம். அவர்களிடம் இடப் பற்றாக்குறை இல்லை, அச்சுச் செலவு இல்லை, சேர்மானப் பட்டியல் அவர்களிடம் ஏற்கெனவே தரவாக இருக்கிறது, தமிழிலோ கன்னடத்திலோ காட்டுவது ஒரு பட்டன் வேலை. ஆனாலும் நான் பார்க்கும் ஆப்பில் சேர்மானத்தைக் கண்டுபிடிக்க மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும், சில பொருளுக்கு அந்தப் படம் மங்கல். 'கோதுமை பிரெட்' என்று தேடினால் முதலில் வருவது விளம்பரம் கொடுத்த பிரெட், அதில் மைதாதான் முதல் சேர்மானம். சைவத்துக்கு ஃபில்டர் வைக்கத் தெரிந்தவர்களுக்கு 'எமல்சிஃபையர் இல்லாதது', 'ஃபிளேவர் சேர்க்காதது' என்று ஃபில்டர் வைக்கத் தெரியாதா? ஒரு பொருளைப் பார்க்கும்போது, அதே வகையில் சேர்மானம் குறைவான இன்னொன்றைக் கீழே காட்டினால் போதும், 'இதையும் வாங்கினார்கள்' என்று காட்டும் அதே இடத்தில்.

லிங்கராஜபுரத்தில் எங்களுக்குப் பழக்கமான அண்ணாச்சி கடையில் போர்டும் இல்லை, விலைச்சீட்டும் இல்லை. வாசலில் சிப்ஸ் சரம் தொங்கத்தான் செய்கிறது, அதை எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டார், அதில்தான் அவருக்குச் சாயங்கால வியாபாரம். ஆனால் கேட்டால் பதில் வரும். சுகர் ஃப்ரீ பிஸ்கட் இருக்கிறதா என்று மாமியார் கேட்டதற்கு, "அது வேண்டாம்மா, அதுல மாவு மைதாதான், இனிப்புக்கு வேற என்னத்தையோ போடுறான், அதிகம் தின்னா வயித்த கலக்கும்னு அவனே எழுதியிருக்கான். பொட்டுக்கடலை தர்றேன், வாயில போட்டுக்கோங்க" என்றார். மால்டிட்டால் மாதிரி இனிப்பூட்டி போட்ட பாக்கெட்டில் அந்த எச்சரிக்கை நிஜமாகவே இருக்கிறது, நான் எடுத்துப் பார்த்தேன். ஒரு விற்பனையாளர் தன் சரக்கின் பின்பக்கத்தைப் படித்து வைத்திருப்பதைவிடப் பெரிய உதவி வாடிக்கையாளருக்கு வேறு இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் பிராண்டுக்காரர்கள் நிறுத்தும் ப்ரொமோட்டர் பெண்களுக்கு அவரவர் பொருளைப் புகழப் பயிற்சி கொடுக்கிறார்கள். கடை தன் சொந்த ஆட்களில் ஒருவருக்காவது பட்டியல் படிக்கப் பயிற்சி கொடுத்து, சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தி நிறுத்தலாம். கிருஷ்ணகிரிப் பெண்ணுக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் வரும், ஆர்வமும் இருக்கிறது.

அப்படியானால் இந்தக் கடைக்குப் போகலாமா? அரிசி, பருப்பு, காய், பழம், மாவு, எண்ணெய் வாங்க தாராளமாகப் போகலாம், இந்தப் பக்கத்தில் தரத்துக்கும் விலைக்கும் இதைவிட நல்ல கடை எனக்குத் தெரியாது. ஞாயிறு காலை பத்து மணிக்கு முன்னால் போனால் பார்க்கிங் கிடைக்கும். பச்சை போர்டு வரிசையில் வெறும் ஓட்ஸ், விதைகள், ராகி மாவு மூன்றை மட்டும் எடுங்கள், மற்றதைப் பின்பக்கம் படிக்காமல் கூடையில் போடாதீர்கள்.

மேனேஜரிடம் பேசினேன், மரியாதையாகக் கேட்டார், பிளானோகிராம் தன் கையில் இல்லை என்று தலைமை அலுவலக மெயில் முகவரியைக் கொடுத்தார். எழுதிவிட்டேன். முழுக் கடையையும் மாற்றச் சொல்லவில்லை, பீநட் பட்டர் தட்டை மட்டும் முதலில் செய்து பாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். அதில் வேர்க்கடலை மட்டும் போட்டது ஒரு பக்கம், சர்க்கரையும் கெட்டிப்படுத்திய எண்ணெயும் 471-ம் சேர்த்தது மறு பக்கம் என்று பிரித்து, கீழே சேர்மானத்தைக் கன்னடத்தில் ஒட்டினால் போதும். இருப்பது ஒரே ஒரு தட்டு, அரை மணி நேர வேலை. பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன், மற்ற ஊழியர்களின் பொறுமைக்கும் சேர்த்துத்தான் கடைக்கு இப்போதைக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண்.